மதகடிக்கு எந்தக் கோல்: ஆறடியா, ஆறரையா, ஏழடியா?

அத்தை மகன் முத்துப்பேட்டையிலிருந்து போன் போட்டான். "மச்சான், ஸ்பின்னிங் ராடு ஒண்ணு வாங்கப் போறேன். நீ வெச்சிருக்கியே, அதையே வாங்கிடட்டுமா?" ரீல் மாட்டி வீசுகிற தூண்டில் கோலைத்தான் சொன்னான். வேண்டாம் என்றேன். அவனுக்குக் கொஞ்சம் முகம் சுருங்கியிருக்கும், குரலிலேயே தெரிந்தது. அப்புறம் ஒரு மணி நேரம் பேசினோம். பேசப் பேச எனக்கே சில விஷயங்கள் அப்போதுதான் தெளிவாயின. நான் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்புக்குக் கீழே, மன்னார்குடிப் பக்கம் பாமணியாற்று மதகுகளில் விரால் தேடுகிறவன். அவன் கோரையாறு கடலோடு கலக்கும் உப்புத்தண்ணீரில் கொடுவா தேடுகிறவன். இரண்டு பேருக்கும் நடுவே நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனாலும் ஒரே கோல் இரண்டு பேருக்கும் சரிப்படாது.

கடைகளில் "ஃபினெஸ் ராடு" என்று விற்கிறவை பெரும்பாலும் பாஸ் மீனை மனதில் வைத்துச் செய்தவை. பாஸ் வட அமெரிக்காவின் நன்னீர் மீன். 1925-இல் ஜப்பானில் ஆஷி ஏரியில் கொண்டுபோய் விட்டார்கள், அங்கேயும் பெருகிவிட்டது. தூண்டில்காரர் கூட்டம் அதிகமான ஏரிகளில் பெரிய இரையைக் கண்டாலே மீன் ஒதுங்க ஆரம்பிக்க, சின்ன ரப்பர் புழு, மெல்லிய நரம்பு (தூண்டில் நூல்), கனமில்லாத ஈயம் என்று இறங்கி வந்த முறைதான் ஃபினெஸ். அமெரிக்க ஏரிகளில் வீட்டுக்கு வீடு மரப்பலகைப் படகுத்துறை உண்டு. பலகைக்கு அடியில் இருட்டு, அந்த இருட்டில் மீன். 3 கிராம், 5 கிராம் இரையைச் சத்தமில்லாமல் அந்த நிழலுக்குள் நுழைப்பதுதான் இந்தக் கோல்களின் வேலை.

நம் ஆறுகளில் பாஸ் கிடையாது. ஆனால் விராலுக்கும் ஏறக்குறைய அதே புத்திதான். ஓடித் துரத்துவதைவிட நிழலில் ஒதுங்கி நின்று, வருகிறதைக் கவ்வுகிற மீன் அது. படகுத்துறைக்குப் பதில் நமக்கு மதகு இருக்கிறது, பாலத்துக் கண் இருக்கிறது, ஆற்றங்கரைப் படித்துறை இருக்கிறது. கூடுதலாக ஒரு சௌகரியம்: விரால் காற்றை நேரடியாகச் சுவாசிக்கிற மீன், அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்று வாங்கிக்கொண்டு கீழே போகும். அந்தச் சத்தமும் குமிழியும் போதும், எந்தக் கண்ணில் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

எல்லாக் காலத்திலும் இந்த இலேசுத் தூண்டில் எடுபடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேட்டூரை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுகிறார்கள். புதுத்தண்ணீர் வரும்போது செம்மண் கலங்கலாக, குப்பையோடு வரும். அப்போது சின்ன ரப்பர் புழுவைப் போட்டால் மீனுக்குக் கண்ணே தெரியாது. மண்புழுவும் தக்கையும்தான் அதற்கு. தண்ணீர் நின்ற பிறகு, தை கடைசியிலிருந்து மாசி, பங்குனி வரை மதகுக்குக் கீழே அரித்த பள்ளங்களில் தண்ணீர் தேங்கித் தெளிந்து கிடக்கும். ஆற்று மீனெல்லாம் அந்த மடுவுக்குள் ஒடுங்கியிருக்கும். வீச்சுவலைக்காரர்கள் தினம் வந்து போவதால் மிரண்டும் இருக்கும். தெளிந்த தண்ணீர், மிரண்ட மீன், கொஞ்சம் இடம். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஃபினெஸ் கோலுக்கு வேலை. என் கணக்கில் வருஷத்துக்கு இரண்டரை மாதம். மீதி நாளெல்லாம் வெங்காயத்தாமரை மேல் ரப்பர் தவளை இழுக்கிறவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது. அவர்களுக்குத் தடித்த கோல், தடித்த நரம்பு, அது தனிக் கதை.

நீளம்: கரைதான் முடிவு செய்யும்

கோலில் அடிப்பக்கம் சின்ன எழுத்தில் எல்லாம் எழுதியிருக்கும். பல கம்பெனிகளில் 662 எம்எல் என்று இருந்தால் 6 அடி 6 அங்குலம், 2 துண்டு, மீடியம் லைட் என்று அர்த்தம். பக்கத்திலேயே எத்தனை கிராம் இரை, எத்தனை பவுண்டு நரம்பு என்றும் இருக்கும். எல்லாரும் முதலில் பார்ப்பது மீனின் எடையை. நான் முதலில் பார்க்கச் சொல்வது நீங்கள் நிற்கப்போகும் கரையை.

அமெரிக்க வீடியோக்களில் ஏழடிக் கோலைச் சிபாரிசு செய்கிறார்கள். சரிதான், அவர்கள் படகின் மேல் நிற்கிறார்கள். நாலு பக்கமும் வெட்டவெளி. நான் வழக்கமாக நிற்கிற மதகைப் பாருங்கள். கரை தண்ணீருக்கு மேல் ஆறடி உயரம். முதுகுக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு நெய்வேலிக் காட்டாமணக்கு. இடதுகைப் பக்கம் மதகின் கைப்பிடிச் சுவரும், ஷட்டர் தூக்குகிற திருகுத் தண்டும். தலைக்கு மேலே ஒரு கருவேலங்கிளை, அதில் ஏற்கெனவே யாரோ விட்டுப்போன தக்கை ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது. இந்த இடத்தில் ஏழடிக் கோலை ஓங்க முடியாது. ஓங்கினால் முள் காட்டாமணக்கில், வீசினால் ஈயம் கிளையில். எட்ட வேண்டிய தூரமோ இருபது அடிக்குள். நீளமான கோல் தூரமாக வீசும் என்பது உண்மைதான், அந்தத் தூரம் எனக்கு வேண்டியதே இல்லை.

அப்படியானால் ஆறடி போதுமே என்று நானும் முதலில் நினைத்தேன். ஆறடியில் யுஎல், அதாவது அல்ட்ரா லைட் என்கிற மிக மெல்லிய கோல் ஒன்று வாங்கி ஒரு சீசன் முழுக்க வைத்திருந்தேன். வீசுவதற்கு அதைப்போல் சுகம் கிடையாது. மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினால் இரை நினைத்த இடத்தில் போய் உட்காரும். ஆனால் வீசின பிறகுதான் வம்பு. கரைச் சரிவில் தண்ணீர் ஓரமாகக் கோரையும் நாணலும் இரண்டு, மூன்று அடி அகலத்துக்கு நிற்கும். கோல் குட்டையாக இருந்தால் நரம்பு அந்தக் கோரையில் படிந்துவிடும். இரை நகர்வதும் தெரியாது, மீன் வாயில் வைத்ததும் தெரியாது. மீன் மாட்டினாலோ நேரே கோரைக்குள் ஓடும், அதைத் தாண்டித் தூக்கக் கோலின் நீளம் போதாது. அந்த அரையடி எவ்வளவு பெரிது என்று அங்கேதான் தெரியும்.

ஆறரை அடிக்கு நான் வந்தது இப்படித்தான். பின்னால் காட்டாமணக்கில் மாட்டாத அளவு குட்டை, முன்னால் கோரையைத் தாண்டுகிற அளவு நீளம். பக்கவாட்டில், இடுப்புக்குக் கீழிருந்து சுண்டி வீசப் பழகிக்கொண்டால் கிளையும் தொந்தரவு செய்யாது.

படித்துறையில் நிற்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. கடைசிப் படியில் நின்றால் கால் தண்ணீரில், கை தண்ணீருக்கு மூன்றடி மேலே. அங்கே ஓட்டாஞ்சில்லைத் தண்ணீர்மேல் தத்தவிடுவதுபோல இரையையும் தத்தவிடலாம். தட்டையாக, தாழ்வாக வீச வேண்டும். இரை தண்ணீரில் பட்டுப்பட்டுப் பாலத்துக் கண்ணுக்குள் பத்தடி போகும். பாஸ் பிடிக்கிறவர்கள் படகுத்துறைக்கு அடியில் இரையை நுழைப்பது இதே வித்தையில்தான். கோல் நீளமானால் நுனி தண்ணீரில் அடிக்கும். ஆறடி சிறப்பு, ஆறரை பழகிவிடும், ஏழடிக்கு வாய்ப்பே இல்லை. கொட்டாங்கச்சி அளவு ரப்பர் தவளை தத்தாது. மூன்று அங்குல ரப்பர் புழு, ஈயமில்லாமல், தத்தும். இன்னொன்று: ஜனங்கள் குளிக்கிற நேரத்தில் படித்துறையில் முள்ளை வீசாதீர்கள், யாராவது திட்டினால் பேசாமல் கிளம்புங்கள்.

முத்துப்பேட்டையான் கதைக்கு வருவோம். அவனுக்குப் பின்னால் காட்டாமணக்கும் இல்லை, தலைக்கு மேல் கிளையும் இல்லை. பாதி நேரம் வள்ளத்தில், மீதி நேரம் திறந்த சேற்றுக்கரையில். காற்று முகத்தில் அடிக்கும். கடல்தண்ணீர் வடிகிற இறங்கு ஓதத்தில் வாய்க்கால் வாயில் கொடுவா நிற்கும், அதுவரை எட்ட வேண்டும். அவனுக்கு ஏழடிதான். அமெரிக்கக்காரன் சொன்னது அவனுக்குப் பொருந்துகிறது, எனக்குப் பொருந்தவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். அலையாத்திக் காடு வனத்துறையின் காப்புக்காடு, உள்ளே போக அனுமதி வேண்டும் என்பதையும் அவனிடம் இரண்டு தடவை சொன்னேன். "எனக்கே சொல்றியா" என்றான்.

பலம்: மீனைவிட முள்ளைப் பாருங்கள்

யுஎல், எல், எம்எல், எம். அல்ட்ரா லைட், லைட், மீடியம் லைட், மீடியம். கோலை வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதற்கான அளவு இது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒருத்தர் எம்எல் இன்னொருத்தர் எல்-ஆக இருக்கும். அதனால் எழுத்தை நம்பாமல் பக்கத்தில் எழுதியிருக்கிற கிராமை நம்புங்கள். நான் வீசுவது பெரும்பாலும் மூன்றரை கிராம் ஈயத்தலை முள், மேலே ஒரு ரப்பர் மீன், எல்லாம் சேர்த்து ஆறு, ஏழு கிராம். 3 முதல் 10 கிராம், அல்லது 4 முதல் 12 கிராம் என்று போட்டிருக்கிற கோல் இதற்குக் கச்சிதம்.

யுஎல் கோல் ஜிலேபிக்கும் கெண்டைக்கும் நன்றாக இருக்கும். ஜிலேபி 1952-இல் இந்தியாவுக்கு வந்த மீன், இன்றைக்கு எந்த வாய்க்காலிலும் அதுதான் முதலில் கடிக்கிறது, பசங்களுக்குக் கற்றுக்கொடுக்க அதைவிட நல்ல மீன் கிடையாது. ஆனால் யுஎல் கோலில் ஒரு கிலோ விரால் மாட்டினால் நீங்கள் மீன் பிடிக்கவில்லை, மீன் உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறது. நேரே ஷட்டர் இடுக்குக்குள் போகும், அங்கே கான்கிரீட் மூலையில் நரம்பு அறும்.

விராலுக்கு வாய் எலும்பு வாய், உள்ளே பல். "இதுக்கு மெல்லிய கோல் குத்தாது, எம் வாங்கு" என்று கடைக்காரர் சொல்வார். பாதி சரி. தடித்த கம்பி முள்ளை எலும்பில் இறக்கத் தடித்த கோல்தான் வேண்டும். மெல்லிய கம்பியில் செய்த கூரான முள்ளானால் எம்எல் கோல் ஒரு இழுப்பில் இறக்கிவிடும். என் முதல் சீசனில் பாதி விரால் கழன்று போனதற்குக் காரணம் கோல் இல்லை. தவளைக்கு வாங்கி வைத்திருந்த தடி முள்ளையே ரப்பர் புழுவுக்கும் மாட்டியதுதான். கோலை மாற்றுவதற்கு முன்னால் முள்ளை மாற்றிப் பாருங்கள், சில நூறு ரூபாயில் முடிகிற காரியம்.

நரம்பு விஷயத்தில் நான் 10 பவுண்டு பின்னல் நூலும், முன்னால் நாலடிக்கு 12 பவுண்டு ஃபுளோரோகார்பன் நரம்பும் கட்டுகிறேன். பின்னல் நூல் அவ்வளவாக நீளாது, அதனால் கடி கையில் பளிச்சென்று தெரியும். அதே காரணத்தால் முரட்டுக் கோலோடு சேர்ந்தால் முள்ளைப் பிய்த்துக்கொண்டும் வந்துவிடும். எம்எல் கோலின் நுனி கொஞ்சம் வளைந்துகொடுப்பது அந்த இடத்தில்தான் காப்பாற்றுகிறது. ரீலின் பிடியை, அதாவது மீன் இழுத்தால் நூல் விடுகிற இறுக்கத்தை, ஒன்று, ஒன்றேகால் கிலோவுக்குமேல் வைப்பதில்லை. 2000 அல்லது 2500 அளவு ரீல் போதும், அதற்குமேல் போனால் கோலைவிட ரீல் கனக்கும்.

ஃபாஸ்ட், மாடரேட் என்பது வேறு சமாச்சாரம். கோல் எந்த இடத்தில் வளைகிறது என்பதைச் சொல்வது. ஃபாஸ்ட் என்றால் நுனிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு வளையும், மாடரேட் பாதிவரை வளையும். ஒற்றை முள் ரப்பருக்கு ஃபாஸ்ட். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

கார்பனா, கண்ணாடி இழையா

இங்கேதான் எனக்கு அடி விழுந்தது. போன வருஷம் மாசி மாதம், சாயங்காலம் ஐந்தரை மணி. ஆறரை அடி கார்பன் கோல், 40 டன் கார்பன் (டன் என்பது கார்பன் இழையின் விறைப்புக் கணக்கு) என்று பெருமையாக எழுதியிருந்தது, கையில் எடுத்தால் ஈர்க்குச்சி கனம்கூட இல்லை. ஒரு விரால் மாட்டியது, ஒன்றேகால் கிலோ இருக்கும். பள்ளத்துக்குள்ளேயே சுற்றவிட்டுக் களைக்க வைத்துச் சுவரடிக்குக் கொண்டுவந்துவிட்டேன். அப்புறம் மடத்தனமாக, கோலாலேயே ஆறடிச் சுவருக்கு மேலே தூக்கினேன். கோல் செங்குத்தாக நின்றது, நுனி மட்டும் வில்லாக வளைந்தது. மீன் வாலை ஒரு உதறு உதறியது. மேலிருந்து மூன்றாவது வளையத்துக்குக் கீழே டப் என்று ஒரு சத்தம். முறிந்த நுனி நரம்போடு சறுக்கிக்கொண்டு போய் மீன் தலையில் இடித்தது. அதிலும் ஒரு அதிர்ஷ்டம், மீன் போகவில்லை. பக்கத்தில் மூங்கில் தூண்டிலோடு உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து வந்து நரம்பைக் கையால் பிடித்து இழுத்துக் கொடுத்தார். "என்ன தம்பி, இவ்ளோ மெல்லிசா குச்சி வாங்கியிருக்கீங்க. இதுல காய் பறிக்கலாம், மீன் தூக்கலாமா?" என்றார். காயும் பறிக்க முடியாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கார்பன் பொல்லாதது என்று இதற்கு அர்த்தம் இல்லை. தண்ணீரில் இருக்கும் மீனின் இழுப்பு வேறு, அந்தரத்தில் தொங்குகிற மீனின் கனம் வேறு. கோலைச் செங்குத்துக்கும் பின்னால் சாய்த்துத் தூக்கினால் முழுக் கனமும் நுனியில் ஏறும், எந்தக் கார்பனும் அதைத் தாங்காது. டன் கணக்கு கூடக்கூடக் கோல் விறைப்பாகவும் கனம் குறைவாகவும் இருக்கும், கோல் குழாயின் சுவர் மெல்லிசாகவும் இருக்கும். மதகுச் சுவரின் விளிம்பில் ஒரு தடவை இடித்தால் கண்ணுக்குத் தெரியாமல் கீறல் விழுந்து, பத்து நாள் கழித்து வேறொரு மீனுக்கு ஒடியும். அப்போது நாம் மீனைத்தான் பழிப்போம். அதனால் நம் மதகுகளுக்கு 24 டன், அதிகம் போனால் 30 டன். அதற்குமேல் போகிற காசை நல்ல ரீலில் போடலாம்.

கண்ணாடி இழைக் கோலை எடுத்தால், விலை மலிவு, அடி தாங்கும், சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போகலாம். அக்லி ஸ்டிக் என்று 1976-இல் வந்த ஒரு கோல் கண்ணாடி இழையையும் கார்பனையும் கலந்து செய்தது, ஒடியாத கோல் என்ற பெயரை இன்றுவரை வைத்திருக்கிறது. அந்தக் கலப்பு ஜாதிக் கோல்கள் இப்போது பல பெயர்களில் கிடைக்கின்றன. குறை ஒன்றே ஒன்றுதான், ஆனால் பெரிய குறை. கை மரத்துப்போன மாதிரி இருக்கும். ரப்பர் புழு கல்லில் உரசுகிறதா, குறவை மோந்து பார்க்கிறதா, விரால் வாயில் வைத்துவிட்டதா, மூன்றும் ஒரே மாதிரி தெரியும். ஃபினெஸ் என்பதே அந்த வித்தியாசத்தைக் கையில் உணர்வதுதான். விரால் ரப்பரைக் கவ்விப் பார்த்துவிட்டுக் கணத்தில் துப்பும், அதற்குள் தெரிந்தாக வேண்டும். எனவே எனக்குக் கார்பன். பத்து வயசுப் பையனுக்கு வாங்குவதானால் யோசிக்காமல் கலப்புக் கோல்.

கார்பனுக்கு இன்னொரு விஷயம், இதைச் சிரித்துக்கொண்டு படிக்க வேண்டாம். கார்பன் மின்சாரம் கடத்தும். டெல்டாவில் பம்ப்செட்டுக்குப் போகிற கம்பி வாய்க்காலைத் தாண்டும் இடங்களில் தாழ்ந்து தொங்குவதை எல்லாரும் பார்த்திருப்போம். ஆறரை அடிக் கோலைத் தோளில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு கரையில் நடந்தால் கம்பிக்கும் நுனிக்கும் எவ்வளவு இடைவெளி என்று அண்ணாந்து பாருங்கள். நான் நடக்கும்போது கோலை இரண்டாகக் கழற்றிவிடுவேன். ஐப்பசியில் இடி இடிக்க ஆரம்பித்தால் கோலைத் தரையில் போட்டுவிட்டு ஏதாவது கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கண்ணாடி இழை காய்ந்திருந்தால் கடத்தாது, ஆனால் தூண்டில் கோல் எப்போது காய்ந்திருக்கும்?

ஒரே துண்டா, இரண்டா, மடக்குக் கோலா

ஒரே துண்டுக் கோல் உணர்வில் ஒரு படி மேல். கார் வைத்திருப்பவர்கள் வாங்கட்டும். பஸ்ஸில் மூன்றரை அடிக்குமேல் எதைக் கொண்டுபோனாலும் கண்டக்டர் ஒரு பார்வை பார்ப்பார், கூட்டத்தில் யாராவது சாய்ந்தால் கோல் போச்சு. இரண்டு துண்டுக் கோலின் உணர்வுக் குறைச்சலை நான் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்க மாட்டேன், நீங்களும் மாட்டீர்கள். பொருத்தில் மண் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், எப்போதாவது மெழுகுவத்தியை லேசாகத் தேய்த்துப் பொருத்தினால் இறுகிக்கொள்ளாது, நடுவில் கழலவும் கழலாது.

மடக்குக் கோல், அதாவது ஆன்டெனா மாதிரி இழுத்து நீட்டுவது, வேண்டவே வேண்டாம். ரீல், முள், நரம்பு எல்லாம் சேர்த்துப் பெட்டியாக ஆன்லைனில் மலிவாக வருகிறது. ஒன்று வாங்கினேன். வந்தபோதே நுனி வளையம் கோணலாக ஒட்டியிருந்தது, திருப்பி அனுப்பவும் வழியில்லாமல் போச்சு. அதைவிட, மண்ணும் சேறும் உள்ள கரையில் ஒவ்வொரு பொருத்திலும் மணல் புகுந்து, மூன்றாம் நாள் உள்ளே போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. இப்போது வீட்டில் ஒட்டடை அடிக்கிறது.

வளையங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பின்னல் நூல் மலிவு உலோக வளையத்தை அறுத்துப் பள்ளம் போட்டுவிடும், அந்தப் பள்ளம் திருப்பி நூலை அறுக்கும். உள்ளே பீங்கான் மாதிரி வளையம் பதித்த கோலாகப் பார்க்க வேண்டும். கடைக்குப் போகும்போது கொஞ்சம் பஞ்சு கொண்டுபோய் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுற்றி எடுங்கள். எங்காவது இழை சிக்கினால் அங்கே விரிசல். கைப்பிடி கார்க்காக இருந்தால் பார்க்க அழகு, ஐப்பசி ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். ரப்பர் நுரைக் கைப்பிடி அழகில்லை, தொல்லையும் இல்லை. உப்புத்தண்ணீரில் போடுகிறவர்கள் ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், ரீல் பொருத்தும் மரையில் உப்பு கட்டினால் அப்புறம் கொறடு போட்டாலும் கழலாது.

சரி, யாருக்கு எது?

கல்லணைக்குக் கீழே வெண்ணாறு, வெட்டாறு, பாமணியாறு, கோரையாறு என்று எந்த ஆற்றிலும் கரைமேல் நின்று மதகடியில் விரால் தேடுகிறவருக்கு: ஆறரை அடி, எம்எல், ஃபாஸ்ட், 24 அல்லது 30 டன் கார்பன், இரண்டு துண்டு. கூடவே எட்டடி மூங்கில் கழியில் கட்டிய ஒரு கைவலை. கைவலை வாங்கக் காசில்லை என்றால் கோலை ஒரு படி மலிவாக வாங்கிக்கொண்டு வலையை வாங்குங்கள். ஆறடிச் சுவரில் வலை இல்லாமல் இந்தக் கோல் பிழைக்காது, அதற்கு நானே சாட்சி. ஷட்டர் திறக்கிற காலத்தில் மீனை எடுக்கிறேன் என்று மதகுக்கு முன்னால் இறங்கவும் கூடாது, தண்ணீர் சொல்லிக்கொண்டு வராது.

படித்துறையும் சின்ன வாய்க்காலும் மட்டும் என்றால் ஆறடி எல். அதில் கிடைக்கிற ஜிலேபியும் குறவையும் அந்தக் கோலில் பெரிய மீன்போல இழுக்கும், அதுவும் ஒரு சுகம்தான். விரால் தற்செயலாக மாட்டினால் நிதானம் வேண்டும்.

கழிமுகத்துக்கு ஏழடி எம். 7 முதல் 21 கிராம்வரை வீசும். கொடுவாயின் செவுள் மூடி கத்தி மாதிரி, முன்னால் 30 பவுண்டு நரம்பு கட்டாமல் போகாதீர்கள். இதை ஃபினெஸ் என்று சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அங்கே இதுதான் இலேசுத் தூண்டில்.

ஒரே கோல்தான் வாங்க முடியும், ஆறும் வேண்டும் கழிமுகமும் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. ஆறே முக்கால், எம்எல் என்று ஒரு நடுத்தரம் கிடைக்கிறது. இரண்டு இடத்திலும் அரைகுறையாக வேலை செய்யும். நான் வாங்கமாட்டேன். எந்த இடத்துக்கு அதிகம் போகிறோமோ அதற்கு வாங்கிவிட்டு, மற்ற இடத்துக்குப் போகும்போது மச்சானிடம் இரவல் கேட்பதே உத்தமம்.

வாங்கினவர்கள் இரண்டு இடத்தில் மட்டும் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஊர்க்குளம், குட்டையில் மீன் குத்தகைக்குப் போயிருக்கும், கேட்காமல் தூண்டில் போட்டால் சண்டைதான். அப்புறம், மழைக்காலத்தில் செக்கச்செவேலென்று குஞ்சுக்கூட்டம் ஒன்று தண்ணீர்மேல் உருண்டை உருண்டையாகப் புரளுவதைப் பார்த்தால் அதற்கு அடியில் தாய் விரால் காவல் நிற்கிறது. எதைப் போட்டாலும் பாய்ந்து கவ்வும், அதைப் பிடிக்க எந்தக் கோலும் போதும், திறமையே வேண்டாம். பிடித்தால் அத்தனை குஞ்சும் அன்றைக்கே மற்ற மீனுக்கு இரை.

அந்தப் பெரியவர் இன்னும் அதே மதகில்தான் உட்கார்கிறார். பத்தடி மூங்கில், நுனியில் தங்கூசி நரம்பு, மயில் இறகுத் தண்டில் தக்கை. ரீல் கிடையாது, வளையம் கிடையாது. மண்புழுவுக்குக் கெண்டையும் கெளுத்தியும் வந்துகொண்டே இருக்கும். புதிதாக வாங்கின என் 24 டன் கோலைப் போன வாரம் கையில் வாங்கி இரண்டு ஆட்டு ஆட்டிப் பார்த்தார். "இது பரவாயில்ல, கொஞ்சம் முதுகெலும்பு இருக்கு" என்றார். என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். கோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் தக்கையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

மச்சான் ஏழடி எம் வாங்கிவிட்டான். கடையில் பஞ்சோடு போய் நின்றதைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்களாம். நாலாவது வளையத்தில் இழை சிக்கியதும், கடைக்காரர் உள்ளே போய் வேறு கோல் எடுத்து வந்து கொடுத்தாராம்.